ஸ்டிக்கரைக் கிழித்த பிறகும் எழுத்து தெரிகிறதா? வெளுத்த கார் பெயிண்டை மீட்க முழு வழிகாட்டி

டிராவல்ஸில் ஓடிய காரை வாங்குகிறோம். கதவில் ஐந்தாறு வருடமாக ஒட்டியிருந்த ஸ்டிக்கரை உரித்துப் போடுகிறோம். ஸ்டிக்கர் போய்விடும், எழுத்து போகாது. நேராகப் பார்த்தால் லேசாக, சாயங்கால வெளிச்சத்தில் பக்கவாட்டில் பார்த்தால் பளிச்சென்று, பழைய போன் நம்பர் வரைக்கும் படிக்கலாம்.

அந்த எழுத்து அழுக்கு அல்ல. அந்தக் கதவில் நன்றாக இருக்கும் பெயிண்டே அதுதான். வெயில் படாமல் ஸ்டிக்கர் காப்பாற்றி வைத்த இடம் அது. கெட்டுப்போனது சுற்றியிருக்கும் இடம். புதிதாக இறங்குகிறவர்கள் எழுத்தின் மேலேயே காம்பவுண்டை (பெயிண்டின் மேல்பரப்பைத் தேய்த்தெடுக்கும் கூழ்) போட்டு அழுத்தித் தேய்க்கிறார்கள். நல்ல பெயிண்ட் கரைகிறது, வெளுத்தது வெளுத்தபடியே நிற்கிறது. கீழே வரும் எல்லா வேலையும் இதற்கு நேர் எதிராகத்தான் நடக்க வேண்டும்: சுற்றுப்புறத்தைத் தேய்த்து எழுத்தின் தரத்துக்குக் கொண்டுவருவது.

1. தேய்க்கலாமா என்று முதலில் பாருங்கள்

எல்லாக் காரும் பாலிஷில் மீளாது. இதற்குக் கால் மணி நேரம் செலவழித்தால் இரண்டு நாள் வீண் உழைப்பு மிச்சம்.

முதல் சோதனை, கிளியர் கோட், அதாவது நிறத்துக்கு மேலே அடிக்கும் நிறமற்ற பளபளப்பு அடுக்கு, இருக்கிறதா என்பது. ஒரு மூலையில் துளி காம்பவுண்டை வெள்ளைத் துணியில் வைத்துத் தேயுங்கள். துணியில் காரின் நிறம் ஏறினால் அது கிளியர் இல்லாத, நிறமே மேலாக இருக்கும் பெயிண்ட். பழைய வண்டிகள், வேன்கள் பலவற்றில் இப்படித்தான். துணி நிறம் மாறவில்லை என்றால் மேலே கிளியர் இருக்கிறது. வெள்ளைக் காருக்கு வெள்ளைத் துணி எதையும் காட்டாது. கறுப்புத் துணி எடுங்கள்.

இரண்டாவது, கிளியர் கோட் உயிரோடு இருக்கிறதா. பானெட்டிலும் கூரையிலும் வெள்ளைத் திட்டு, அதன் ஓரம் நகத்தில் உரியும் செதில் தெரிந்தால் கிளியர் செத்துவிட்டது. அங்கே பாலிஷ் போட்டால் செதில் இன்னும் பெயரும். அந்தப் பேனலுக்கு மறுபடி பெயிண்ட் அடிப்பது ஒன்றுதான் வழி. கதவுகள் நேராக நிற்பதால் கூரையைவிட வெயில் குறைவாக வாங்கும். ஆகவே கூரை செத்த காரிலும் கதவுகள் பெரும்பாலும் மீளும்.

மூன்றாவது, கத்திக் கோடு. சில ஸ்டிக்கர் கடைகளில் ஸ்டிக்கரை காரிலேயே ஒட்டி, பிளேடால் ஓரம் வெட்டுவார்கள். பிளேடு கிளியரையும் தாண்டி இறங்கியிருந்தால் எழுத்தைச் சுற்றி முடி போல ஒரு கோடு நிற்கும். அதன் மேல் நகத்தைக் குறுக்கே இழுத்தால் பள்ளத்தில் தட்டும். இது எந்தப் பாலிஷிலும் போகாது. கோட்டில் பழுப்பு தெரிந்தால் தகடு வரைக்கும் இறங்கித் துரு பிடித்திருக்கிறது. அதற்கு டிங்கரிங் கடைதான்.

பெயிண்ட் கனம் அளக்கும் மீட்டர் கிடைத்தால் நல்லது, வாடகைக்கோ இரவலோ போதும். கம்பெனி பெயிண்ட் எல்லா அடுக்கும் சேர்ந்து ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). அதில் கிளியர் மட்டும் 40 சொச்சம், அதாவது ஒரு தலைமுடியின் கனத்தைவிடக் குறைவு. 200-க்கு மேல் காட்டினால் அந்தப் பேனல் ஏற்கெனவே மறுபெயிண்ட் கண்டது. 500-க்கு மேல் என்றால் உள்ளே பட்டி (பள்ளத்தை நிரப்பும் பூச்சு) இருக்கிறது. 90-க்குக் கீழே என்றால் முன்பே யாரோ நிறையத் தேய்த்திருக்கலாம். அங்கே லேசான பாலிஷோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சாதாரண மீட்டர் தகட்டில்தான் அளக்கும், பிளாஸ்டிக் பம்பரில் எண் காட்டாது.

2. வாங்கி வைக்க வேண்டியவை

நான்கு கதவுக்கு: கட்டிங் காம்பவுண்ட் 250 மில்லி, ஃபினிஷிங் பாலிஷ் 250 மில்லி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் அரை லிட்டர், மண்ணெண்ணெய் அல்லது மினரல் டர்பன்டைன் அரை லிட்டர், கிளே பார் (பெயிண்டில் ஒட்டிய அழுக்கை எடுக்கும் களிமண் கட்டி) 100 கிராம், கார் ஷாம்பு, ஒரு அங்குல மாஸ்கிங் டேப் 2 ரோல், மைக்ரோஃபைபர் துணி ஒரு டஜன், 2000 மற்றும் 3000 கிரிட் வாட்டர் பேப்பர் (தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) இரண்டிரண்டு தாள், நைட்ரைல் கையுறை, முகமூடி.

மெஷின் வாங்குவதாக இருந்தால் டூயல் ஆக்‌ஷன் பாலிஷர் வாங்குங்கள். சுற்றிக்கொண்டே அசைவதால் சூடு ஒரே இடத்தில் குவியாது. அசையாமல் சுற்ற மட்டும் செய்யும் ரோட்டரி மெஷின் வேகமாக வெட்டும். பழகாத கையில் அதே வேகத்தில் பெயிண்டையும் எரிக்கும். தரை தேய்க்கும், இரும்பு அறுக்கும் ஆங்கிள் கிரைண்டரில் பஞ்சு மாட்டித் தேய்ப்பது வேண்டவே வேண்டாம். அது நிமிடத்துக்கு 11,000 சுற்று ஓடும். பாலிஷுக்குத் தேவை 1,000 முதல் 1,500 வரைதான்.

5 அங்குல ஃபோம் பேட் கட்டிங் 3, ஃபினிஷிங் 2, எழுத்து இடுக்குகளுக்கு 3 அங்குலப் பேட் ஒன்று. ஒரே பேடில் முழுக் காரையும் முடிக்கப் பார்ப்பது சிக்கனம் மாதிரி தெரியும். பேடில் ஏறிய செத்த பெயிண்டும் காய்ந்த காம்பவுண்டும் கோடு போட ஆரம்பித்ததும் அந்தச் சிக்கனம் கையைக் கடிக்கும்.

கடைசியாக ஒரு நல்ல எல்இடி டார்ச். விலை குறைவு, பயன் பெரிது.

3. ஸ்டிக்கரை உரிப்பது

நம் ஊர் வெயிலை இங்கே மட்டும் வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். காலை வெயிலில் அரை மணி நேரம் காரை நிறுத்தி, தகடு வெதுவெதுப்பானதும் தொடங்குங்கள். போதவில்லை என்றால் ஹேர் டிரையர், அதுவும் போதாவிட்டால் ஹீட் கன்னைக் குறைந்த சூட்டில் ஒரு சாண் தள்ளி, ஓரிடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே.

அளவு எளிது: தகட்டில் உள்ளங்கையை வைத்து மூன்று எண்ண முடிய வேண்டும். அதற்கு முன் கை விலகினால் சூடு அதிகம். குளிர்ந்த ஸ்டிக்கர் நொறுங்கும். அதிகச் சூட்டில் பசை உருகி ஸ்டிக்கரை விட்டுப் பெயிண்டிலேயே தங்கிவிடும். மறுபெயிண்ட் அடித்த பேனலில், அதிலும் பட்டி மேல், பெயிண்டே ஸ்டிக்கரோடு சேர்ந்து உரிந்து வரலாம். அங்கே இன்னும் மெதுவாக.

ஓரத்தை நகத்தால் கிளப்பி, ஸ்டிக்கரை அதன் மேலேயே மடித்து, தகட்டை ஒட்டினாற்போல் பின்னோக்கி மெல்ல இழுங்கள். செங்குத்தாக வெடுக்கென்று இழுத்தால் பாதி கையோடு வரும், மீதி பசையோடு நிற்கும். மலிவு ஸ்டிக்கர் வெயிலில் சுருங்கி, ஓடு மாதிரி ஆகி, அரை அங்குலத் துண்டுகளாகத்தான் வரும். பொறுமையாக ஒவ்வொன்றாக எடுங்கள். சுரண்ட பழைய ஏ.டி.எம். கார்டு போதும், பிளேடும் ஸ்க்ரூ டிரைவரும் கிட்டவே வர வேண்டாம்.

4. பசையை எடுப்பது

சூடு காட்டும் வேலை முழுதும் முடிந்த பிறகே திரவத்தைத் தொடுங்கள். மண்ணெண்ணெய் தடவிய தகட்டில் ஹீட் கன் காட்டினால் தீப்பிடிக்கும். "இன்னும் கொஞ்சம் பசை இருக்கிறதே" என்று திரும்ப ஹீட் கன்னை எடுப்பதுதான் இதில் நடக்கும் தவறு.

மண்ணெண்ணெயில் நனைத்த துணியைப் பசை மேல் ஒட்டி, காயாமல் இருக்க மேலே பாலித்தீன் தாளை விரித்து ஐந்து நிமிடம் விடுங்கள். பசை கூழானதும் கார்டால் வழித்து, துணியால் துடையுங்கள். பசைக்குத் தேவை நேரம், அழுத்தம் அல்ல. தேங்காய் எண்ணெயும் வேலை செய்யும், மெதுவாக. ரப்பர் பீடிங்கில் மண்ணெண்ணெய் படவிடாதீர்கள், ஊறி உப்பிவிடும்.

என்.சி. தின்னர், அசிட்டோன், பெட்ரோல் வேண்டாம். மறுபெயிண்ட் அடித்த பேனலில் தின்னர் பட்டால் பெயிண்ட் இளகிச் சுருங்கும். பெட்ரோலின் ஆவி எங்கோ இருக்கும் பொறியைத் தேடிப் போகும். பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்: ஒரு நிமிடம் அதில் தேய்த்ததைச் சரிசெய்ய ஒரு நாள் ஆகும்.

டிரில்லில் மாட்டும் ரப்பர் வீல், பெரிய பட்டை ஸ்டிக்கருக்கு உதவும். டிரில் வேகம் 4,000 சுற்றுக்குள், அழுத்தாமல், ஓரிடத்தில் நிற்காமல்.

5. கழுவி, கிளே போடுவது

மண்ணெண்ணெய் விட்டுப்போன எண்ணெய்ப் பிசுக்கு காம்பவுண்டை வழுக்கவைக்கும். அதனால் முதல் கழுவல் பாத்திர சோப்பு கலந்த தண்ணீரில். இந்த ஒரு முறைக்கு மட்டும், பழைய வாக்ஸும் சேர்ந்து போகட்டும் என்பதற்காக. பிறகு ஷாம்பு. நிழலில் கழுவி உடனே துடைத்துவிடுங்கள். போர் தண்ணீர் தானாகக் காய்ந்தால் உப்பு வட்டம் விழும், அதையும் தேய்த்தெடுக்க வேண்டி வரும்.

ஷாம்புத் தண்ணீர் தெளித்த பரப்பில் கிளேயை நேர்கோட்டில் நகர்த்துங்கள். கையில் சொரசொரப்பு நின்று கண்ணாடி மாதிரி வழுக்கும்போது அந்த இடம் முடிந்தது. அழுக்கானால் மடித்துப் பிசைந்து புதுப் பக்கத்தை எடுங்கள். கீழே விழுந்த கிளேயை எடுக்காதீர்கள். ஒட்டிய ஒரு மணல் போதும்.

பழைய ஸ்டிக்கர் ஓரத்தில் கறுப்பாக ஒரு மெல்லிய கோடு தெரியும். அது பசையில் ஒட்டிய தூசி. எழுத்துத் தடத்தில் பாதி இந்தக் கோடுதான் என்பது கிளே போட்ட பிறகு தெரியும். இதை எடுக்காமல் காம்பவுண்டுக்குப் போகிறவர்கள் தூசியை எடுக்கப் பெயிண்டைச் செலவழிக்கிறார்கள்.

6. டேப் ஒட்டுவது

கதவு விளிம்பு, உடல் மடிப்புக் கோடுகள், கறுப்புப் பிளாஸ்டிக், ரப்பர், கைப்பிடி ஓரம் எல்லாம் டேப். மடிப்பிலும் விளிம்பிலும் பெயிண்ட் மெல்லியது, பேட் அங்கேதான் அதிகம் அழுந்தும். சொரசொரப்பான கறுப்புப் பிளாஸ்டிக்கில் காம்பவுண்ட் ஏறினால் வெள்ளையாகக் காய்ந்து நிற்கும்.

எழுத்தின் ஓரத்தை அப்படியே பிடித்து டேப் ஒட்டிக்கொண்டு வெளியே மட்டும் தேய்க்கலாமே என்ற யோசனை எல்லோருக்கும் வரும். செய்யாதீர்கள். டேப் ஓரத்தில் தேய்ப்பு சட்டென்று நிற்பதால், பழைய கோட்டின் மேலேயே புதுக் கோடு ஒன்று விழும்.

7. சோதனைச் சதுரம்

மொத்த வேலையும் இங்கேதான் முடிவாகிறது. பின் கதவின் கீழ்ப் பகுதியில், எழுத்தின் ஓரம் ஒன்று உள்ளே வருமாறு ஒன்றரை அடிச் சதுரத்தை டேப்பால் குறியுங்கள்.

லேசானதில் தொடங்குங்கள்: ஃபினிஷிங் பாலிஷ், மென்மையான ஃபோம். நான்கு முறை ஓட்டி, ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பாருங்கள். போதவில்லை என்றால் அதே பாலிஷ், கட்டிங் பேட். அப்புறம் கட்டிங் காம்பவுண்ட், கட்டிங் பேட். எந்தச் சேர்க்கையில் போதுமான பலன் வருகிறதோ அதோடு நின்று, முழுக் காருக்கும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். பலமானதில் தொடங்கினால் தேவைக்கு மேல் எடுத்த மைக்ரானைத் திரும்ப வைக்க முடியாது. வெயிலைத் தாங்கும் மருந்து அந்தக் கிளியரில்தான் இருக்கிறது. காரின் ஆயுள் முழுதும் சேர்த்து எட்டுப் பத்து மைக்ரானுக்கு மேல் எடுக்காமல் இருப்பது நல்லது.

ஆல்கஹால் துடைப்பைத் தவிர்க்காதீர்கள். பாலிஷில் உள்ள எண்ணெய் தடத்தை மூடி நன்றாகக் காட்டும். ஒரு வாரத்தில் இரண்டு தடவை கழுவியதும் எழுத்து மறுபடி எட்டிப் பார்க்கும்.

காம்பவுண்டுக்குப் பிறகு பளபளப்பு இரண்டு பக்கமும் ஒன்றாகி, நிறம் மட்டும் வேறாக நிற்கிறதா? அப்படியானால் கிளியருக்கு அடியில் இருக்கும் நிறமே மங்கிவிட்டது. சிவப்பில் இது அதிகம். கிளியருக்கு மேலே எவ்வளவு தேய்த்தாலும் அடியில் இருப்பது மாறாது, அங்கேயே நிறுத்துங்கள். ஒன்று அந்த அளவோடு ஒத்துக்கொள்ள வேண்டும், இல்லை பேனலுக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும். அதே நிறத்தில் அடித்தால் சிக்கலில்லை; காரின் நிறத்தையே மாற்றினால் ஆர்.சி.யில் பதிய வேண்டியிருக்கும். சில்வரில் நிற வித்தியாசம் சொற்பம். வெள்ளையில் சுற்றுப்புறம் மஞ்சளேறி எழுத்து மட்டும் நீலவெள்ளையாக நிற்கும். மஞ்சள் மேற்பரப்பில் இருந்தால் பெரும்பகுதி போய்விடும். கறுப்பிலும் கருநீலத்திலும் தடம் பெரும்பாலும் பளபளப்பு வித்தியாசம்தான், அதனால் பலன் அதிகம். ஆனால் ஒவ்வொரு கீறலும் தெரியும்.

8. தேய்க்கும் முறை

நிழல், ஆறிய தகடு. புதுப் பேடில் கொஞ்சம் காம்பவுண்டைத் தடவிப் பரப்பிவிட்டு, பட்டாணி அளவில் நான்கு சொட்டு வையுங்கள். மெஷினை ஓடவிடாமல் பேனலில் ஒற்றிப் பரப்பிய பிறகே சுவிட்ச்; இல்லாவிட்டால் சுவரும் சட்டையும் பாலிஷ் ஆகும்.

டூயல் ஆக்‌ஷனில் 6-க்கு 4 அல்லது 5 வேகம். கை விநாடிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் நகர வேண்டும். பழகாதவர்கள் பத்து மடங்கு வேகத்தில் ஓட்டி, "ஒன்றும் ஆகவில்லையே" என்பார்கள். ஒரு ஓட்டம் அடுத்ததில் பாதி மூடும்படி குறுக்கே, பிறகு நெடுக்கே. பேடின் பின்தட்டில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள்: கோடு சுற்றுவது நின்றால் அழுத்தம் அதிகம்.

முதலில் எழுத்துக்கு வெளியே இரண்டு மூன்று சுற்று, எழுத்து ஓரத்தை நெருங்கும்போது அழுத்தத்தைக் குறைத்து மெல்ல உள்ளே வழியவிடுங்கள். எழுத்துக்கு இடையிலான இடுக்கில் 3 அங்குலப் பேட். கடைசிச் சுற்று மட்டும் எழுத்தையும் சேர்த்து, கதவின் முழுப் பரப்புக்கும். தடம் இருந்த இடத்தை மட்டும் பளபளப்பாக்கி விட்டால், அந்தத் திட்டே புது ஸ்டிக்கர் மாதிரி தெரியும்.

கிளியர் இல்லாத பெயிண்டில் பேட் காரின் நிறத்துக்கே மாறும், பயப்பட வேண்டாம். ஆனால் இரண்டடிக்கு ஒரு முறை பேடைத் துலக்க வேண்டும். ஓரத்தில் சாம்பல் நிறம் எட்டிப் பார்த்தால் அது பிரைமர், நிறத்துக்கு அடியில் இருக்கும் அடிப்பூச்சு. அந்த இடத்தை விட்டு உடனே விலகுங்கள். கிளியர் உள்ள காரில் பேடில் நிறம் ஏறினால் கிளியர் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

பம்பர் பிளாஸ்டிக், சூட்டைக் கடத்தாது. தகட்டில் தாங்கும் வேகம் அங்கே பெயிண்டைச் சுட்டுவிடும். வேகம் ஒரு படி குறைத்து, இரண்டு ஓட்டத்துக்கு ஒரு முறை கையால் தொட்டுப் பாருங்கள்.

ஒரு கதவுக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும்.

9. விளிம்பு நகத்தில் தட்டினால்

சுற்றுப்புறம் அரித்து இறங்கி, எழுத்து மட்டும் மேடாக நிற்கும் கார்கள் உண்டு. காம்பவுண்ட் அந்தப் படியைச் சமன் செய்யாது, படி மேலேயும் கீழேயும் ஒரே மாதிரி மினுக்கும். இங்கே மட்டும் வாட்டர் பேப்பர். இங்கே மட்டும் எழுத்தின் பக்கமும் தேய்ப்பு விழும். ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு, மேட்டைத் தாழ்த்த.

மீட்டர் இல்லாமல் இதில் இறங்காதீர்கள். 2000 கிரிட்டைத் தண்ணீரில் 15 நிமிடம் ஊறவைத்து, மெத்தென்ற பிளாக்கில் சுற்றி, ஒரு துளி ஷாம்பு கலந்த தண்ணீரோடு எட்டு பத்து இழுப்பு. துடைத்து, அளந்து, பாருங்கள். விரலால் பிடித்துத் தேய்த்தால் விரல் நுனி அழுந்திய இடம் மட்டும் பள்ளமாகும். தண்ணீர் பால் நிறமாவது கிளியர் கரைவது. காரின் நிறம் வந்தால் தாண்டிவிட்டீர்கள். பிறகு 3000-ல் அதன் கீறலை அடக்கி, காம்பவுண்ட், பாலிஷ். படி முழுதும் போகும் வரை போராட வேண்டியதில்லை. நகத்தில் லேசாகத் தட்டும் அளவுக்கு வந்தாலே இரண்டடி தள்ளிக் கண்ணுக்குத் தெரியாது.

10. ஃபினிஷிங், பூச்சு

காம்பவுண்ட் விட்ட மங்கலைப் போக்க ஃபினிஷிங் பாலிஷ், மென் பேடில் முழுப் பேனலுக்கும் நான்கு ஓட்டம். ஆல்கஹால் துடைப்பு. காரை ஒரு நாள் வெளியே விட்டு, மறுநாள் காலைச் சாய்ந்த வெயிலில் பாருங்கள். பசை எடுத்த திரவத்தில் லேசாக ஊறிய பெயிண்ட் காய்ந்து அடங்கும்போது சில இடத்தில் தடம் திரும்பத் தெரியும். அங்கே இன்னொரு சுற்று.

பிறகு பூச்சு. புதிதாகத் திறந்த பரப்பைச் சும்மா விட்டால் வெளுப்பு முன்னைவிடச் சீக்கிரம் திரும்பும். வாக்ஸ் நம் வெயிலில் இரண்டு மூன்று மாதம் தாங்கும், சீலன்ட் (செயற்கைப் பாதுகாப்புப் பூச்சு) ஆறு மாதம் வரை. நிறம் இல்லாத பெயிண்ட் சீலன்டை மெல்லியதாகத் தடவி, மங்கலாகக் காய்ந்ததும் துடைத்தெடுப்பது போதும்.

அதே கதவில் புது ஸ்டிக்கர் ஒட்டப்போகிறீர்கள் என்றால் அந்த இடத்தில் பூச்சு போடாதீர்கள், பசை பிடிக்காது. வடிவத்தைக் கடையிலேயே மெஷினில் வெட்டிக் கொண்டுவரச் சொல்லுங்கள். கார் மேல் பிளேடு வைக்கவிடாதீர்கள்.

மண்ணெண்ணெய் நனைந்த துணிகளை உருட்டிக் கார் ஷெட் மூலையில் போடாமல், வெளியே விரித்துக் காயவிட்டு அப்புறப்படுத்துங்கள்.